ஃபென்னா எழுதிய நூற்றுப் பதினான்கு வாக்கியங்கள்

கெட்ட காரியங்களுக்கான ஆங்கிலச் சொற்களை ஓர் ஆலை முழுவதற்கும் கற்றுக்கொடுத்தவள் ஃபென்னா வீர்சமா. லஞ்சம், கையாடல், மோசடி, மறைப்பு, மிரட்டல் என்று நூற்றுப் பதினான்கு சொற்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவள் வாழ்நாளில் செய்தவளில்லை. பேருந்தில் சீட்டு வாங்காமல் ஒரு நிறுத்தமாவது போயிருப்பாளா என்றால் அதுவும் கிடையாது. அவள் பேருந்தில் ஏறியதே அபூர்வம். மழையோ காற்றோ, சைக்கிள்தான்.

க்ரோனிங்கன் பக்கம், கால்வாய்க் கரையில், உருளைக்கிழங்கு மாவிலிருந்து பசை காய்ச்சும் ஆலை அது. அவளுடைய அப்பா அங்கே கொதிகலன் பார்த்தார். பள்ளியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்த மகள், டீச்சர் பயிற்சிக்கான படிவத்தோடு அவர் முன்னால் போய் நின்றபோது, சூப்புத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம வீட்ல யாரும் டீச்சர் ஆனதில்லையே" என்றார். அதைத் திட்டென்றும் சொல்ல முடியாது, மறுப்பென்றும் சொல்ல முடியாது. ஒரு தலை மற்றத் தலைகளைவிட அரை விரல் உயர்ந்தாலும் இந்த ஊருக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் ஆலை அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணம் அமையவில்லை. அம்மாவைக் கடைசிவரை அவளே பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கென்று இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹில்லி வீட்டில் காபி. ஹில்லி முதல் வகுப்பிலிருந்து பக்கத்து இருக்கைக்காரி. ஹில்லியின் கணவன் ரூலஃப் அதே பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவன். ஆலையின் கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பொறுப்பாளன். காபியோடு டப்பா திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட். உடனே டப்பா மூடப்படும். இரண்டாவது காபிக்கு மறுபடி திறக்கப்படும். முப்பத்தொரு வருடம் அந்த டப்பா அப்படித்தான் திறந்து மூடியது. தனிக்கட்டையாக வாழ்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்பது, தனிக்கட்டையாக வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு ஆலையை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். முதல் மாதமே பளபளவென்று ஒரு புத்தகம் வந்தது. தொழிலில் நேர்மையாக நடப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் தொண்ணூறு பக்கம். அதைப் படித்து எல்லோரும் கணினியில் பரீட்சை எழுத வேண்டும். பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற யாப் உட்பட. "இங்கிலீஷா? அது நமக்குத் தண்ணி பட்ட பாடுல்ல!" என்று எல்லோரும் மார்தட்டிக்கொண்டு போனார்கள். அறுபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். பீர் வாங்கவும் பந்தாட்டம் பார்க்கவும் பழகிய இங்கிலீஷில் லஞ்ச ஊழலுக்கு ஏது சொல்!

மேலாளர் ஃபென்னாவைக் கூப்பிட்டார். அவள் பரணிலிருந்து பள்ளிக்கூட அகராதியை இறக்கினாள். மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தாள். இடப்பக்கம் டச்சுச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே ஒரு வாக்கியம். வியாழக்கிழமைதோறும், எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்கிற அரை மணி நேரத்தில், உணவறையில் வகுப்பு. ஐம்பத்தாறாம் வயதில், அப்பா இறந்து பதினெட்டு வருடம் கழித்து, ஃபென்னா டீச்சர் ஆனாள்.

அவள் எழுதிய வாக்கியங்களில்தான் சூட்சுமம் இருந்தது. முன்பின் தெரியாத ஆட்களின் பெயரைப் போட்டு எழுதினால் மனதில் நிற்காது என்று, ஆலை ஆட்களின் பெயரையே போட்டிருந்தாள். லஞ்சத்துக்கு, "ரூலஃப் ஊர் மேயருக்கு இரண்டு புகையிட்ட விலாங்கு மீன் கொடுத்தார்." சொந்தத்துக்குச் சலுகை காட்டுவதற்கு, "யாப் உணவறைக்குத் தன் மாமியார் செய்த ஆப்பிள் கேக்கையே வாங்க வைக்கிறான்." ஆங்கிலத்தில் அதை உரக்க வாசிக்கும்போது ரொட்டித் துண்டு புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. தன்னையும் அவள் விடவில்லை. உள்ளே நடக்கிற தப்பை வெளியே சொல்பவருக்கு ஆங்கிலத்தில் விசில்ப்ளோயர் என்று பெயர். அதற்கு எழுதியிருந்தாள்: "ஃபென்னா விசில் ஊதுகிறாள், யாரும் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் இது ரொட்டி நேரம்."

ஃபால்ஸிஃபை என்ற சொல்லுக்கு வந்தபோது, பொய்யாகத் தயாரிப்பது என்று பொருள் சொல்லிவிட்டு வாக்கியத்தை வாசித்தாள்: "ரூலஃப் கழிவுநீர்ப் பாட்டில்களைச் சமையலறைக் குழாயில் நிரப்புகிறார்."

உணவறையே கைதட்டியது. வாரம் ஒருமுறை ஆலை வாய்க்காலில் தண்ணீர் பிடித்து, சோதனைக்கு அனுப்பி, தாளில் கையெழுத்துப் போடுவது ரூலஃபின் வேலை. அவனைக் கிண்டல் பண்ண அதைவிட வேறு எதைத் தேடுவது? "என் ரகசியத்தப் போட்டு உடைச்சுட்டியே டீச்சரம்மா!" என்று ரூலஃபும் சிரித்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு உணவறையில் வாயால் கெட்டது யார் என்று யாருக்கும் தெரியவில்லை, ஃபென்னாவுக்கும்தான்.

அடுத்த பரீட்சையில் அறுபத்திரண்டு பேரும் தேறினார்கள். ரூலஃப் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. "ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தெனமும் நான்தான்டி கேள்வி கேக்கறேன்" என்று ஹில்லி பெருமைப்பட்டாள். "எனக்கு இங்கிலீஷ் வாசிக்கவே வராது. வாய்க்கு வந்தபடி வாசிப்பேன், அவர் திருத்துவார்."

அந்தக் குளிர்காலம் பிப்ரவரி வரைக்கும் வெறும் சேறும் தூறலுமாகக் கழிந்து, மார்ச் பிறந்ததும் திடீரென்று உறைந்தது. ஏரிமேல் உறைந்த பனி ஆள் எடையைத் தாங்கும் என்று வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்ததும் ஆலைக்கு விடுமுறை விட்டார்கள். இதற்கு விடுமுறை விடாத முதலாளி இந்த ஊரில் பிழைக்க முடியாது. எட்டு மணிக்கே ஹில்லியும் ரூலஃபும் சறுக்கு காலணிகளோடு ஃபென்னா வீட்டு வாசலில் நின்றார்கள். மூன்று பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக, காற்றைக் கிழிக்க ரூலஃப் முன்னால், நாள் முழுக்கச் சறுக்கினார்கள். பத்து மணிக்குக் கரையோரக் கடையில் பட்டாணி சூப். சூடு தாங்காமல் ரூலஃப் நாக்கைத் துருத்திக்கொண்டு குதித்ததைப் பார்த்து ஹில்லி பனியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்படி ஒரு நாள் இனி வருமா என்று ஃபென்னா அன்றைக்கே நினைத்தாள். வரவில்லை.

ஏப்ரலில் புது முதலாளிகள் பழைய தாள்களையெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். மொழிபெயர்க்கும் வேலை வேறு யாருக்கு வரும்? கழிவுநீர்த் தாள்கள் ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு வந்தன. மார்ச் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. தண்ணீர் பிடித்த இடம், ஆலை வாய்க்கால். பிடித்த நேரம், காலை பத்தே கால். பிடித்தவர், ரூலஃப் டைகமா. கீழே அவன் கையெழுத்து.

பத்தே காலுக்கு ரூலஃப் அவள் கண்ணெதிரே நாக்கைச் சுட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். தேதி தப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழைய தாள்களைப் புரட்டினாள். ரூலஃபும் ஹில்லியும் விடுமுறைக்குப் பிரான்சில் முகாம் வண்டியில் இருந்த மூன்று வாரங்களுக்கும் அவன் கையெழுத்து இருந்தது. அங்கிருந்து ஹில்லி அனுப்பிய வாழ்த்தட்டை ஃபென்னாவின் குளிர்பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருந்தது.

புத்தகத்தின் எழுபத்தோராம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் பேசாதீர்கள், நேராக எங்களுக்கு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை உணவறையில் நடத்தியவளே அவள்தான். ஆனால் புத்தகம் எங்கேயோ அச்சானது. அவள் இங்கே பிறந்தவள். முகத்துக்கு நேரே சொல்லாததை முதுகுக்குப் பின்னால் சொல்லக் கூடாது என்று தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள். ஒளித்து எழுதிப் போடுகிறவளைக் காட்டிக்கொடுப்பவள் என்பார்கள் இங்கே; ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்திருந்த போர்க்காலம் பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் காறித் துப்புகிற சொல். சனிக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போலப் போனாள். இரண்டாவது காபி ஊற்றி, டப்பா இரண்டாம் முறை திறந்தபோது சொன்னாள்.

"ரூலஃப், ஐஸுக்கு லீவு விட்ட அன்னிக்கு நீ தண்ணி பிடிச்சதா தாள் சொல்லுது."

ரூலஃப் பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தான். பொய் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. அந்த அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை.

"மூணு வருஷமா கொழாத் தண்ணிதான்" என்றான். "பெரிய தொட்டி உள்ளுக்குள்ள வெடிச்சுக் கெடக்கு. பழைய முதலாளிகிட்டச் சொன்னேன், பாத்துக்கோன்னான். சரி பண்ணணும்னா ஆறு மாசம் ஆலை நிக்கணும். நின்னா இவனுங்க மறுபடி தெறப்பானுங்கன்னு நெனைக்கறியா? அறுபத்திரண்டு குடும்பம், ஃபென்னா. உன் சம்பளமும் அதுலதான் இருக்கு."

"கால்வாய்ல புள்ளைங்க குளிக்குதுங்க, ரூலஃப்."

"எனக்குத் தெரியாதா?"

"திங்கக்கெழம காலைல எழுதப் போறேன். அதுக்குள்ள நீயே போய்ச் சொல்லிட்டா நல்லது. மொதல்ல உன்கிட்டத்தான் சொல்லணும்னு வந்தேன். பின்னால பேசறவ இல்ல நான்."

"அது தெரியும்" என்றான் ரூலஃப்.

ஹில்லி பால் ஜாடியை நகர்த்தி வைத்தாள். "காபி ஆறுது" என்றாள். அவள் கை நடுங்கவே இல்லை என்பது ஃபென்னாவுக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

நல்ல மனதோடு கொடுத்த இரண்டு நாள் அவகாசம் அவளுக்கே குழி பறித்தது. திங்கட்கிழமை அலமாரியில் பழைய தாள்கள் இல்லை. ஈரம் பட்டுக் கெட்டதால் கழித்துவிட்டதாகக் குறிப்பு இருந்தது. பயந்தவன் என்ன செய்வானோ அதை ரூலஃப் செய்திருந்தான். அவள் மேசையில் மிஞ்சியிருந்த ஒற்றைத் தாளுக்கு, நாள் மாறி எழுதிவிட்டேன் என்று ஒரு வரி விளக்கம். இருந்தும் ஃபென்னா எழுதினாள், பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு பக்கம்.

விசாரிக்க ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு வழக்கறிஞர் பெண்மணி வந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். மரியாதைக்குக் குறைவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் தள்ளினாள். ஃபென்னாவின் பட்டியல்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்."

"முப்பத்தெட்டாவது வாக்கியம். திரு. டைகமா குழாயில பாட்டிலை நிரப்புறார்னு போன அக்டோபர்லயே எழுதியிருக்கீங்க. ஏப்ரல்லதான் கண்டுபிடிச்சேன்னு இப்போ சொல்றீங்க."

"அது விளையாட்டுக்கு எழுதினது. எல்லார் பேரையும் அப்படித்தான் போட்டேன்."

"புரியுது. ஆனா ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். ஆறு மாசமா தெரிஞ்சும் மறைச்சிருக்கீங்க. இல்லன்னா கதைய முன்னாடியே எழுதி வச்சுட்டு அதுக்குச் சாட்சி தேடியிருக்கீங்க. எதுன்னு நான் எழுதிக்கட்டும்?"

வேடிக்கைக்கு எழுதினேன் என்றால் அவள் வேடிக்கைக்காரி. வேடிக்கை இல்லை என்றால் குற்றவாளி. போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை முடிந்தது.

மே மாதம் அவள் பிறந்தநாள். பிறந்தநாள்காரிதான் கேக் கொண்டுவர வேண்டும் என்பதால் கொண்டுபோய் உணவறையில் வைத்தாள், பதினாறு துண்டு போடுகிற பழக் கேக். அன்று சாயங்காலம் ஒரு துண்டும் குறையாமல் சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் உணவறைச் சுவரில் அவள் பட்டியலை யாரோ ஒட்டியிருந்தார்கள். ரூலஃப், யாப் என்று இருந்த பெயர்களையெல்லாம் பேனாவால் அடித்து, எல்லா வாக்கியத்திலும் ஃபென்னா என்று எழுதியிருந்தார்கள். ஃபென்னா லஞ்சம் கொடுத்தாள். ஃபென்னா கையாடினாள். ஃபென்னா பொய்யாகத் தயாரிக்கிறாள். விசில் வாக்கியத்தை மட்டும் திருத்தவில்லை. அதில் ஏற்கெனவே அவள் பெயர்தான் இருந்தது. அடுத்த மாதம், பரஸ்பர நம்பிக்கை கெட்டுவிட்டது என்று சொல்லி ஒரு தொகையைக் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதையெல்லாம் அவள் தாங்கினாள். தாங்க முடியாதது சனிக்கிழமை. வழக்கறிஞர் வந்துபோன வாரமே, பத்து மணிக்கு ஹில்லி வீட்டுத் தெருவில் சைக்கிளைத் திருப்பினாள். முன் ஜன்னல் வழியாக மேசை தெரிந்தது, ஹில்லி தெரிந்தாள். ஹில்லியும் பார்த்தாள். எழுந்து வந்து இரண்டு கையாலும் திரையை இழுத்து மூடினாள். இந்த ஊரில் பகலில் யாரும் முன் திரையை மூட மாட்டார்கள். மூடினால் உள்ளே யாரோ செத்திருக்க வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்து, கால்வாயில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அரசாங்க ஆட்கள் வந்து தொட்டியைத் திறந்தார்கள். ஃபென்னா எழுதியது அத்தனையும் உண்மை என்று வெளியே வந்தது. அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது? புது முதலாளிகள் இதுதான் சாக்கென்று ஆலையை மூடினார்கள். ரூலஃபுக்கு இருநூற்று நாற்பது மணி நேரம் ஊர்ச் சேவை. மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அவ வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னும் ஆலை ஓடிட்டு இருக்கும்" என்று யாப் ரொட்டிக் கடையில் அவள் காதுபடவே சொன்னான். உண்மை நிரூபணமான பிறகும் அவள் குற்றம் குறையவில்லை, கூடியது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு, ரொட்டி வாங்குகிற சாக்கில், அவள் அந்தத் தெரு வழியாகப் போனாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் திரை மூடியிருந்தது. பதினொன்றுக்குத் திறந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நாலரை வருடம் இப்படியே ஓடியது.

ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை அந்தத் திரை நாள் முழுக்க மூடியிருந்தது. தண்டனை மணிகள் முடிந்த பிறகும் கல்லறைத் தோட்டத்திலேயே வேலை பார்த்துவந்த ரூலஃப், புல் வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். கருப்புக் கரை போட்ட சாவு அட்டை ஊரெல்லாம் வந்தது, ஃபென்னாவுக்கு வரவில்லை. அழையாத வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். போனாள். அடக்கம் முடிந்ததும் ஊர் மண்டபத்தில் காபியும் ஆளுக்கு ஒரு துண்டு வெறும் கேக்கும். கை குலுக்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் ஒரு முழம் இடம் விட்டே நின்றார்கள்.

ஹில்லி இளைத்திருந்தாள். ஃபென்னா கையை நீட்டினாள். ஹில்லி அதைப் பிடித்தாள். கழுவிக் கழுவிக் காய்த்துப்போன அதே கை.

"ஹில்லி, நான் சொன்னது..."

"தெரியும்டி" என்றாள் ஹில்லி. குரல் யாருக்கும் கேட்காதபடி இருந்தது. "அந்தப் பட்டியல நான்தானே அவருக்கு வாசிச்சுக் கேள்வி கேட்டேன். முப்பத்தெட்டுக்கு வந்தப்போ இது என்ன எழுதியிருக்கான்னு கேட்டேன். அவரு மூஞ்சி செத்துப்போச்சு. அடுத்ததுக்குப் போ, அடுத்ததுக்குப் போங்கறாரு. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உனக்கு முன்னாடி ஆறு மாசம்."

"அப்போ ஏன்டி என்கிட்ட..."

"நீ சொன்னது பொய்னு நான் ஒரு நாளும் நெனைக்கல ஃபென்னா. நெனைச்சிருந்தா மன்னிச்சிருப்பேன். எனக்கும் தெரிஞ்சுதானே இருந்துச்சு? நான் வாயைத் தொறந்தேனா?"

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். ஹில்லி கையை விட்டுவிட்டு அடுத்தவர் கையைப் பிடித்தாள். ஃபென்னா கேக்கைத் தொடாமல் வெளியே வந்தாள். எதிர்காற்றில் மிதித்துக்கொண்டே அழுதாள், சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு. ஆறு மாதம் ஒரே மேசையில், ஒரே டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டு, ஒருத்தி தெரிந்தும் ஒருத்தி தெரியாமலும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர்கள் இருவரும் சேர்ந்தே ரூலஃபைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார்கள்.

இருந்தாலும் அந்தக் கை தன் கையைப் பிடித்ததே என்ற நப்பாசை விடவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குச் சைக்கிளை அந்தத் தெருவுக்குத் திருப்பினாள். திரை திறந்திருந்தது. நாலரை வருடத்தில் முதல் தடவை, பத்து மணிக்குத் திறந்திருந்தது. ஃபென்னா இறங்கி வேலியோரம் நின்றாள்.

ஹில்லி மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவளுடைய கோப்பை மட்டும் இருந்தது. நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். பார்வை ஃபென்னா மேல் வந்தது. தெருவில் போகிற எவர் மேலும் வருவதுபோல வந்து, அவளைத் தாண்டி, எதிர்ச்சாரியில் கடிதம் போட்டுக்கொண்டிருந்த தபால்காரன் மேல் போனது. அவளுக்காக எழுந்து வந்து திரையை மூட வேண்டிய அவசியம்கூட ஹில்லிக்கு இனிமேல் இல்லை.

ஃபென்னா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனாள்.